மேட்டுத் தொட்டியில் தண்ணீர் இல்லை

"அதை அப்படியே கீழே வைங்க."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஒரு கம்பிக் கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறவன் எப்படித் திரும்புவான்... அதுவும் சாரல் முகத்தில் அடிக்கிறபோது?

"கீழே வைங்கன்னு சொன்னேன்."

"வெச்சுட்டாப் போச்சு" என்று சொல்லி, பக்கத்துப் புதரைப் பார்த்து ஒரே வீசு. கூண்டு இரண்டு குட்டிக்கரணம் அடித்துப் போய் விழுந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினான்.

திரும்பியிருக்கவே கூடாது. பெரிய ரப்பர் பூட்ஸ், கையில் புல் அரியும் கத்தரி, நெற்றியில் ஒட்டிய ஈர முடி... அதற்குக் கீழே இரண்டு கண். கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட கண். இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா?"

"இருந்துச்சுங்க. இப்பக் கொஞ்சம் நனைஞ்சு போச்சு."

அவள் சிரிக்கவில்லை. "அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கோழிக்கூண்டு."

"கோழிக்கூண்டா... அதுக்குள்ள இருக்கிற புல்லுதாங்க என் ஆராய்ச்சி."

"கூண்டுல போட்டு அடைக்கிற அளவுக்குப் புல்லு என்னங்க தப்பு பண்ணுச்சு?"

இந்த இடத்தில் ஆள் யார், எவர் என்று சொல்லிவிடுவதுதான் நியாயம். கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்லாகக் கிடந்த அந்த மேய்ச்சல் நிலத்தில் மோட்டார், குழாய், வால்வு, தொட்டி எல்லாம் அவன் பொறுப்பு. ஓடைத் தண்ணீரை ஏற்றி மாடுகள் குடிக்க மேட்டுத் தொட்டிக்கும் பள்ளத்துத் தொட்டிக்கும் அனுப்ப வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரியான பண்ணையம்மாவிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்த அக்கா வரைக்கும் எல்லாருக்கும் அவன் 'பம்பு'தான். அவள் காலேஜிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவி. புல் அழியாமல் மாடு மேய்ப்பது எப்படி என்று படிக்க வந்தவள். வந்த அன்றைக்கே வேலையாட்கள் 'புல்லு டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் காதால் கேட்டிருந்தார்களே தவிர, நேரில் இதுதான் முதல் தடவை. நல்ல தொடக்கம், போங்கள்.

"என் மேட்டுத் தொட்டி வால்வு மேல கொண்டு வந்து கவுத்து வெச்சிருக்கீங்க. நான் தண்ணி திறக்க வேணாமா?" என்றான்.

அவள் கண் அவனைத் தாண்டிப் போயிருந்தது. கூண்டு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நான்கு சின்னச் சிவப்புக் கொடி நட்டு ஒரு சதுரம். அதன் நட்ட நடுவில் அவனுடைய பைக் ஏறி இறங்கிய தடம். ஒரு கொடி சேற்றில் படுத்திருந்தது.

அவள் திட்டுவாள் என்று தயாராக நின்றான். திட்டவில்லை. உதடு லேசாக நடுங்கியது... அவ்வளவுதான். அந்த இமைத்துளியோடு வேறொரு துளியும் சேர்ந்து கீழே விழுந்தது. திட்டு வாங்கிப் பழகிய ஆள் அவன். இது பழக்கமில்லை.

"ஏங்க... தெரியாமப் பண்ணிட்டேங்க. அழாதீங்க."

"அழலை. மழை." மூக்கை உறிஞ்சினாள். "எங்க டிபார்ட்மென்ட்ல இந்த மாதிரி வந்து தங்கி வேலை பண்ண ஒரே ஒரு இடம். சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன். சீசன் முடிய நல்லாப் பண்ணாத்தான் மேல ஆராய்ச்சிக்கு எடுத்துக்குவாங்க. இல்லைன்னா அப்பாவோட துணிக்கடையில உட்கார்ந்து துணி மடிக்கணும். புல்லைப் படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பான்னு இப்பவே கேக்கறாரு." சட்டென்று விரலை நீட்டினாள். "கொடி நட்ட இடத்துல இனிமே யாரும் கை வெக்கக் கூடாது. கால் வெக்கக் கூடாது. அது போச்சுன்னா நான் போனேன்."

"சரிங்க."

மழை வலுத்தது. ஒதுங்க இருந்தது அவனுடைய பம்ப் ரூம் ஒன்றுதான். கிரீஸ் டப்பா, பழைய குழாய், ஒரே ஒரு ஸ்டூல். ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டுவிட்டு மோட்டார் மேல் சாய்ந்துகொண்டான். தகரக் கூரையில் மழை... பேச்சே கேட்கவில்லை. அவள் முடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? பாதி இடத்துல கூண்டு போட்டிருக்கீங்க. பாதி இடத்துல வெறும் கொடிதான் இருக்கு..."

"காலேஜ்ல குடுத்ததே இவ்வளவு கூண்டுதாங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

போதும். வினை அங்கே பிறந்தது. அவள் சொல்ல வந்தது, இன்னும் நாலு கூண்டு கொடுத்திருந்தால் இன்னும் நாலு இடத்தில் ஆராய்ச்சி போட்டிருப்பேன் என்று. கூண்டுக்குள் மாடு வாய் வைக்காத புல். கொடிக்குள் மாடு மேயவேண்டிய புல். பிறகு இரண்டையும் வெட்டி, காயவைத்து, எடை போட்டுப் பார்த்தால் மாடு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. அவனோ, பாவம், கூண்டு பற்றாமல் பாதிப் புல்லை அம்போ என்று விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெளிந்திருக்கும். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இன்னொரு கேள்வி எங்கே வரும்?

மழை விட்டதும் அவளே எழுந்தாள். வாசலில் நின்று திரும்பி, "கோழிக்கூண்டாம்..." என்று முணுமுணுத்தாள். அப்போதுதான் முதல் முதலாகச் சிரித்தாள்.

அவன் அன்றைக்கு வால்வைத் திறக்கவே மறந்துபோனான்.

*

"என்னடா இது அதிசயம்" என்றாள் அக்கா. உதிரிபாகக் கடை நடத்துகிற அக்கா. கடைக்குப் பின்னாலேயே வீடு. "மாட்டுத் தொட்டிக்குத் தண்ணி விடப் போறவனுக்கு எதுக்கு ஷேவிங்? மாடு எதாவது கேட்டுச்சா?"

"சும்மாதான்க்கா."

"சும்மாவா? இஸ்திரி போட்ட சட்டையில கிரீஸ் வெக்கப் போற முதல் ஆளு நீதான். எந்த ஊருப் புள்ள?"

"யாருக்கா?"

"சரி சரி. பூனை கண்ணை மூடிக்கட்டும்."

விடிந்ததும் விடியாததுமாகக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டான். மாட்டுக் கூட்டம் காலையில் தண்ணீர் குடிக்க மேட்டுத் தொட்டிக்குத்தான் வரும். குடித்துவிட்டு அங்கேயே மேயும். அதுகள் கொடி பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதென்று முடிவு கட்டியிருந்தான். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தான்... 'மேனேஜரை' மறந்துவிட்டான்.

மேனேஜர் ஒரு பழுப்பு நிறப் பசு. கூட்டத்துக்கு அதுதான் முன்னால் நடக்கும். எதையும் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகரும். அதனால் அந்தப் பெயர். அவன் கம்பை ஆட்டினான். மேனேஜர் நின்று பார்த்தது. "ஹை... ஹை..." என்று கத்தினான். பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு நிதானமாக அவனைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு கொடியைப் பிடுங்கி மெல்ல ஆரம்பித்தது. அதன் வாயிலிருந்து கொடியைப் பிடுங்குவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இஸ்திரிச் சட்டை முழுக்க எச்சில்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாம் எதற்குக் கம்பு தூக்க வேண்டும்? மாடு மேட்டுக்கு வருவது எதற்கு... தண்ணீருக்கு. தண்ணீர் யார் கையில் இருக்கிறது?

மேட்டு வால்வை இறுக்க மூடினான். பள்ளத்து வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். இரண்டே நாளில் மொத்தக் கூட்டமும் மேனேஜர் தலைமையில் பள்ளத்துக்குக் குடி பெயர்ந்தது.

"மேட்டுத் தொட்டி ஏன்டா காஞ்சு கிடக்கு?" என்று பண்ணையம்மா கேட்டபோது, "லைன்ல காத்து பிடிச்சிருக்கும்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது இரண்டும் சிவந்தன. பண்ணையம்மா அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்னவென்று சொல்ல... மேட்டில் மாடு இல்லை, மனுஷர் இல்லை. புல் மட்டும் இடுப்பளவு வளர்ந்து காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. அவள் பொழுது ஏறியபின் வருவாள், மாடு அதற்குள் மேய்ந்துவிட்டுப் போயிருக்கும் என்ற நினைப்பில். கூண்டு கூண்டாகக் குனிந்து என்னவோ பார்ப்பாள், குறிப்பாள். ஓர் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அவன் பம்ப் ரூமில் ஒன்றுக்கும் ஆகாத ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி... அந்த போல்ட்டின் மரையே தேய்ந்துபோயிற்று.

"பம்பு சார்" என்று ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். "இந்த மோட்டாருக்கு அப்படி என்ன வியாதி? தினமும் வைத்தியம் பாக்கறீங்க."

"கவனிச்சுக்கிட்டே இருக்கணுங்க. விட்டா நின்னுடும்."

"மோட்டார் ஓடவே இல்லையே."

"அதான் கவனிக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொண்டு வந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். வாங்கும்போது விரல் பட்டது. இருவருமே அதைக் கவனிக்காத மாதிரி ரொட்டியை ரொம்பக் கவனமாகச் சாப்பிட்டார்கள். வெளியே தூறல் ஆரம்பித்தது. 'மழையே, அவசரப்படாதே... மெதுவாகப் பெய், ஆனால் நிறுத்தாதே' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டான்.

"உங்க கொடியெல்லாம் பத்திரமா இருக்குங்களா?" என்றான்.

"ம்... ரொம்ப நல்லா வளர்ந்திருக்கு. ஆச்சரியமா இருக்கு."

அவனுக்கு உச்சி குளிர்ந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. நாமே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது, ஒரு நாள் தானாகத் தெரியட்டும் என்று முழுங்கிவிட்டான். தெரிந்தது... வேறு மாதிரி தெரிந்தது.

*

பண்ணை பங்களாவின் பின்பக்கம், ஏணி மேல் நின்று கூரைத் தொட்டிக்கு ஒரு மூடி மாட்டிக்கொண்டிருந்தான். கீழே அவளுடைய அறை. புல் காயவைக்கிற ஓவனும் எடை மிஷினும் அங்கேதான். ஜன்னல் திறந்திருந்தது. பண்ணையம்மாவின் குரலும் அவள் குரலும் தெளிவாகக் கேட்டன.

"கூண்டுக்குள்ள மாடு வாய் வெக்க முடியாதும்மா. கொடி நட்ட இடத்துல திங்கலாம். திங்கணும். ரெண்டையும் எடை போட்டா எவ்வளவு தின்னிருக்குன்னு வித்தியாசம் தெரியும். இதுல பாருங்க... வித்தியாசமே இல்லை. மேட்டுப் புல்லை மாடு தொடவே இல்லை." அவள் குரலில் ஒரு துள்ளல். "இது எதிர்பார்க்காத முடிவும்மா. எங்க புரொஃபசர் கேட்டா அசந்துடுவார்."

ஏணியில் நின்றவனுக்குக் காலடியில் ஏணி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"அதானா சங்கதி" என்றாள் பண்ணையம்மா. "அந்தப் புல்லு பிடிக்காமத்தான் எல்லாம் பள்ளத்துலயே கிடந்து மொத்தத்தையும் சேறாக்கிடுச்சுங்களா. சரி, உங்க சார் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே டிராக்டரை விட்டு மேட்டை உழுதுட்டு வேற விதை போட்டுடறேன்."

ஸ்பேனர் கை நழுவிக் கீழே இருந்த வாளியில் விழுந்தது. அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னாச்சு பம்பு சார்?" என்று சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. அக்கா தட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். "சொல்லு" என்றாள். எல்லாவற்றையும் சொன்னான். பாதியில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"சொன்னா அவங்க படிப்பு போயிடும்க்கா. என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க."

"சொல்லலைன்னா?"

"அவங்களுக்கு இடம் கிடைச்சிடும். மேட்டை உழுதுடுவாங்க. நல்ல புல்லுக்கா அது. மாட்டுக்கு உசிரு."

"அப்புறம் என்னைக்காவது அந்தப் புள்ளைக்குத் தெரிய வரும். அப்ப ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதுக்கு இப்பவே சொல்லிட்டு நாலு திட்டு வாங்கிக்கோ." தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "திட்டு வாங்கறதுக்கும் தெம்பு வேணும். சாப்பிடு."

*

காலையில் மேட்டில் வைத்துச் சொன்னான். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. வால்வை மூடியதில் ஆரம்பித்து, காற்று பிடித்த பொய் வரை மடமடவென்று கொட்டிவிட்டான்.

அவள் முதலில் சிரித்தாள். "விளையாடாதீங்க." அவன் முகம் மாறவில்லை. அவள் முகம் மாறியது... மெல்ல மெல்ல, நிறம் வடிந்து.

"கொடிக்குள்ள மாடு திங்கணும். அதுக்குத்தான் கொடியே."

"இப்பத் தெரியுதுங்க. நீங்க போயிடக் கூடாதேன்னு..."

"என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா?" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே. தினமும் பக்கத்துல உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டீங்களே."

தலை குனிந்து நின்றான். காற்றில் புல் சலசலத்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு இடம் கிடைச்சிருக்கும்" என்றாள்.

"கிடைச்சிருக்குங்க."

"இந்த மேடு போயிருக்கும்."

"ஆமாங்க."

அவள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவனுக்குப் பக்கத்தில் போகவும் தைரியமில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

"உங்க சார் வரும்போது நானே வந்து சொல்லிடறேங்க. தப்பு என் மேலன்னு..."

"வேண்டாம்." நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "என் ஆராய்ச்சி. நானே சொல்லிக்கறேன். எனக்காக இன்னொருத்தர் வந்து பேசி என் மானத்தைக் காப்பாத்த வேண்டாம். உங்க உதவியெல்லாம் போதும். தயவுசெஞ்சு இனிமே என் கண்ணு முன்னால வராதீங்க."

அவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். அவன் வால்வுக்குப் போய் அதைத் திறந்தான். காய்ந்த தொட்டியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. நெஞ்சு வலித்தது அவனுக்கு. சினிமாவில் சொல்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே வலித்தது.

*

புரொஃபசர் வந்த அன்று பங்களா ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர், அவருடன் வந்த இரண்டு பேர், பண்ணையம்மா. அவள் எதிரே நின்றாள். பூட்ஸ் இல்லாமல், முடி வாரி, சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். அவன் கண்முன்னால் வரக்கூடாது என்றுதானே சொன்னாள்... அதனால் ஜன்னலுக்கு வெளியே, நன்றாக இருந்த ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சார், நான் முன்னாடி போன்ல சொன்ன முடிவு செல்லாது" என்று அவள் ஆரம்பித்தாள். "புல்லு பிடிக்காம மாடு ஒதுக்கலை. மாடு மேட்டுக்கே வரலை. மேட்டுத் தொட்டியில தண்ணி அடைச்சிருந்தது. அதை நான் கவனிக்கலை."

"அடைச்சிருந்ததா?" பண்ணையம்மா நிமிர்ந்தாள். "லைன்ல காத்து பிடிச்சிருக்குன்னுல்ல பம்பு சொன்னான்?"

"யாரு அடைச்சது?" என்றார் புரொஃபசர்.

அவள் கைவிரலைக் கைவிரலால் பிடித்துக்கொண்டாள். "யாரா இருந்தா என்ன சார்... கவனிக்க வேண்டியது நான்."

வெளியே நின்றவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் நிற்கிறாளே... வராதே என்றாள், சரி. இதற்காகத் திட்டினால் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"நான்தான் சார் அடைச்சேன்."

"நீ யாருப்பா?"

"தண்ணி விடறவன் சார்."

"தண்ணி விடறவன் எதுக்குத் தண்ணியை அடைச்ச?"

"மேடத்தோட புல்லை மாடு தின்னுடக் கூடாதுன்னு சார்."

கூட வந்த இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. புரொஃபசர் கண்ணாடியைக் கழற்றினார். "மாடு தின்னா உனக்கு என்ன?"

அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். சமாளித்துவிட ஆயிரம் வழி இருந்தது... அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"புல்லு போச்சுன்னா இவங்க ஊருக்குப் போயிடுவாங்கன்னு நினைச்சேன் சார். போனா என்னால தாங்க முடியாதுன்னு தோணுச்சு. இவங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை இவங்ககிட்டயே சொல்லத் தைரியமில்லாம வால்வை மூடிட்டேன். அதுக்கு இவங்களைத் தண்டிக்காதீங்க சார்."

பண்ணையம்மாதான் முதலில் பேசினாள். "காத்து பிடிச்சது லைனுக்கு இல்லை போலிருக்கு. இவனுக்கு."

சிரிப்பு அடங்கியதும் புரொஃபசர் அவள் பக்கம் திரும்பினார். "அவன் கதை இருக்கட்டும். நீ சொல்லு. அந்த மேட்டுல சாணி இருந்துச்சா?"

அவள் முகம் சிவந்தது. "இல்லை சார்."

"மாடு வந்து பாத்துட்டுப் பிடிக்காமப் போயிருந்தா சாணி போடாமலா போயிருக்கும்? முதல் நாள் பாடம்மா அது. மத்ததெல்லாம் இவ்வளவு நுணுக்கமாப் பாத்திருக்க... இதை எப்படி விட்ட?"

பதிலே இல்லை. காது மடல் வரை சிவந்து நின்றாள்.

"இந்த எடையெல்லாம் குப்பை. தூக்கிப் போடு" என்றார். "நானாக் கண்டுபிடிச்சிருந்தா உன்னை இன்னைக்கே கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன். நீயே சொல்லிட்ட. சீசன் முடிய இன்னும் நாள் இருக்கு, மழையும் இருக்கு. முதல்லேர்ந்து ஆரம்பி. அதை ஒழுங்கா முடிச்சா இடம் உனக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. இந்தத் தண்ணிக்காரத் தம்பி கொடி பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

"டிராக்டரை வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று எழுந்தாள் பண்ணையம்மா. போகிற போக்கில் அவன் தோளில் ஒன்று வைத்தாள். செல்லமாகத்தான்... ஆனாலும் வலித்தது.

*

பம்ப் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தான். இடம் அவளுக்குப் பறிபோகவில்லை. அந்த மட்டும் மனசு லேசாகியிருந்தது. மற்றபடி... ஊர் முன்னால் உளறிக் கொட்டியாயிற்று. இனி அவள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். மழை பொடிப்பொடியாகத் தூற ஆரம்பித்தது. எதிரே மாட்டுக் கூட்டம் மெல்ல மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் எழுந்து நின்றான்.

"கண்ணு முன்னால வராதீங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"இது என் ரூமுங்க. நீங்கதான் வந்திருக்கீங்க."

"வாய் மட்டும் குறையலை." உள்ளே வந்து ஸ்டூலில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். "வராதீங்கன்னு சொல்லியும் ஏன் வந்தீங்க?"

"நீங்க என் பேரைச் சொல்லாம நின்னீங்க. அதுக்கு மேல வெளிய நிக்க முடியலை."

"இன்னும் கோபம் போகலை எனக்கு."

"இருக்கட்டுங்க. அவசரமில்லை."

சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். "எங்க சார் ஒண்ணு கேட்டார். நான் பதில் சொல்லலை. கவனிச்சீங்களா?"

"சாணி விஷயமா?"

"ம்..."

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன். எறும்பு போனாக்கூட உட்கார்ந்து பாப்பீங்க. சாணி இல்லாதது எப்படிங்க தெரியாமப் போச்சு?"

அவள் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரை உள்ளங்கையில் பிடித்தாள்... விட்டாள்... மறுபடி பிடித்தாள்.

"அதைப் பாக்கணும்னா நடந்து வரும்போது தரையைப் பாத்து நடக்கணும்" என்றாள். "நான் பாக்கலை. வரும்போது பம்ப் ரூம் கதவு திறந்திருக்கான்னு பாத்துக்கிட்டே வந்தேன். போகும்போது திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன்... தினமும். கால்ல எது மிதிபட்டாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது." குரல் தேய்ந்தது. "அதைப் போய் சார்கிட்ட, அத்தனை பேர் முன்னாடி, எப்படிச் சொல்றது?"

ஊர் முன்னால் அத்தனை பேசிய வாய்க்கு இப்போது ஒரு சொல் கிடைக்கவில்லை. இமையில் துளியோடு அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை கண்ணில் கோபம் இல்லை.

"அதனால பாதித் தப்பு என்னோடது. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. போதுமா?"

"போதும்... போதுங்க. இப்ப நான் என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். தண்ணியைத் திறந்து விட்டுட்டு இங்கேயே இருங்க." கைக்குட்டையை எடுத்து அவன் கன்னத்துக் கிரீஸைத் துடைத்தாள். "கொடிகிட்ட மட்டும் வராதீங்க. நான் வர்றேன்... உங்ககிட்ட."